பதினான்கு ஸ்தலங்களும் ஓர் அமெரிக்கக் குரலும்

என் மனைவியின் தம்பிக்கு இரண்டு குரல்கள் இருந்தன. ஒன்றை எல்லாரும் கேட்டார்கள். மற்றதை ஒரே ஒரு பிற்பகலில் நான் கேட்டேன். எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் அன்று ஐந்நூறு பேருக்குக் குறையாமல் இருந்தார்கள், ஆனால் அவர்கள் கேட்டார்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

பெயர்களை எழுதப்போவதில்லை. அவன் பாடிய காலத்தில் எந்தச் சுவரொட்டியிலும் அவனுடைய பெயர் இருந்ததில்லை. ‘சிங்கப்பூரின் இன்னார்’ என்று அந்த அமெரிக்கப் பாடகரின் பெயரைத்தான் போட்டார்கள். இங்கே அப்போது அதுதான் வழக்கம். ஒவ்வொரு பாடகனும் சிங்கப்பூரின் யாரோ ஒருவன். ஒரு முறை கம்போங் என்கிற மலாய்க் கிராமம் ஒன்றின் திருமண மேடையில் சிங்கப்பூரின் இன்னார்கள் மூன்று பேர் ஒரே வரிசையில் உட்கார்ந்து மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் அந்த இரவல் பெயர்களாலேயே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அந்த அமெரிக்கர், ராக் அண்ட் ரோல் என்ற சொல்லே புதிதாக இருந்தபோது அதைத் தொடங்கிவைத்த சிலரில் ஒருவர். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் அவர் போட்ட பாதையில் நடந்தவர்கள் என்று இசை தெரிந்தவர்கள் எழுதுகிறார்கள். இருக்கலாம். ஒரு மனிதருடைய செல்வாக்கு உலகத்தில் எவ்வளவு தூரம் போயிற்று என்பதை அளக்க எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த செல்வாக்கு முழுவதும் ஒரே ஒரு தொண்டைக்குள் நடந்தது.

என் மனைவி சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். அவர்கள் ஃபேரர் பார்க்கில் குடியிருந்தபோது, சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையிலிருந்து அவர்களுடைய அப்பா ஒரு கிராமபோனும் ஏழு இசைத்தட்டுகளும் வாங்கி வந்தார். ஆறு தட்டுகள் கீறல் விழுந்தவை. ஏழாவது அந்த அமெரிக்கருடையது. பையனுக்கு அப்போது பதின்மூன்று வயது. கண்ணாடி முன்னால் நின்று அந்தத் தட்டோடு சேர்ந்து பாடுவான். அடுத்த ஆண்டு அவனுக்குக் குரல் உடைந்தது. மற்ற பையன்களுக்கு உடைந்த குரல் ஒரு வருடம் கரகரத்துவிட்டுத் தானாக ஓரிடத்தில் உட்காரும். இவனுடையது அந்த அமெரிக்கரின் குரல் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. ஆகவே, வளர்ந்த ஆணாக அவனுடைய குரல் எப்படி இருந்திருக்கும் என்பதை அவன் அம்மாகூடக் கேட்டதில்லை. அவனும் கேட்டதில்லை.

அந்த அமெரிக்கரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு சொல்லைப் பாடிக்கொண்டே வந்து, நடுவில் சட்டென்று குரலை உடைத்து மேலே தூக்குவார். விக்கல் மாதிரி. நாங்கள் அதை ‘வெட்டு’ என்று சொல்வோம். என் மைத்துனனுக்கு அந்த வெட்டு மூச்சு மாதிரி ஆகிவிட்டது. கோயிலில் ஒரு நாள் பைபிளிலிருந்து நிருபம் வாசிக்க விட்டார்கள். ‘சகோதரர்களே’ என்ற முதல் சொல்லிலேயே வெட்டு விழுந்தது. ஞானோபதேச வகுப்புப் பிள்ளைகள் மூன்று பெஞ்சு நிறையச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவனை வாசிக்கக் கூப்பிடவில்லை.

நான் கணக்கு வாத்தியார். தமிழ்ப் பள்ளி ஒன்றில் வேலை. சனிக்கிழமைகளில் அவனுடைய குழுவில் டிரம்ஸ் வாசித்தேன். எனக்கு இசை வராது. எண்ண மட்டும் வரும். அவனுடைய பாட்டுகள் எல்லாம் பன்னிரண்டு பார், அதாவது தாளக் கட்டம், ஒவ்வொன்றிலும் நான்கு அடி. நாற்பத்தெட்டு எண்ணினால் சுற்று முடிந்தது, மறுபடியும் ஒன்று. முதலில் வாசித்த டிரம்மர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோய்விட்டதால், “அத்தான், நீங்க எண்ணுங்க, அது போதும்” என்று என்னை உட்காரவைத்தான். பதினோரு வருடம் உட்கார்ந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒயர் எரியும், மழை பெய்யும், எங்கள் வேன் நின்றுபோகும் என்று பயந்துகொண்டே போனேன். இதில் இரண்டு நடந்திருக்கிறது.

எழுபதுகளில் எல்லாம் சுருங்கிவிட்டது. பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஊரைவிட்டுப் போனார்கள். அவர்களுக்காக நடந்த கிளப்புகளும் போயின. ஹோட்டல்களில் டிஸ்கோ வந்தது. அங்கே தட்டைச் சுழல விட்டால் போதும், ஆள் வேண்டாம். நீளமுடி ஆண்களுக்குக் கடைசியில்தான் சேவை என்று அரசு அலுவலகங்களில் அறிவிப்பு மாட்டியிருந்தார்கள். அவனுடைய முடி காலரைத் தொடும். அந்த அமெரிக்கருக்கு அப்படித்தான் என்பதால் இவனுக்கும் அப்படித்தான். வீட்டு விண்ணப்பத்துக்காக அவனோடு போய் ஒரு கவுண்டரில் நின்றேன். எங்கள் எண் இருபத்தாறு. நாற்பதைத் தாண்டியும் கூப்பிடவில்லை.

“ஒரு இன்ச் வெட்டிட்டு வாயேன் மாப்ள, கீழேயே பார்பர் இருக்காரு” என்றேன்.

“வெட்டினா சனிக்கிழமை காசைத் திருப்பிக் கேப்பாங்க அத்தான். அவங்க என்னைப் பாக்கவா வர்றாங்க?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சாயங்காலம் நாலரைக்கு எங்களைக் கூப்பிட்டார்கள்.

அவன் தமிழில் பாட்டு எழுதியிருந்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆறு பாட்டுகள். பஸ்ஸில் போகிற ஒருத்தியைப் பற்றி, மழைக்கு ஒதுங்கி நின்றதைப் பற்றி, இப்படி. மோசமில்லை. சிராங்கூன் ரோட்டில் ஓர் இசைத்தட்டுக் கடைக்காரர் எப்போதாவது உள்ளூர்த் தமிழ்ப் பாட்டைத் தட்டாக வெளியிடுவார். கடைக்குப் பின்னால், சாம்பிராணிப் பெட்டிகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கிடாரோடு பாடிக் காட்டினான். கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பாட்டு கேட்டார்.

“தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. கண்ணை மூடிக் கேட்டா, அமெரிக்காக்காரன் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில வந்து நெய் தோசை கேக்குற மாதிரி இருக்கு.”

கடைப் பையன் வாயைப் பொத்திக்கொண்டான். நானும் சிரித்தேன். சிரிப்பு வருகிற மாதிரித்தான் இருந்தது.

“பாட்டு நல்லாத்தான் இருக்குலா. ஆனா இது அவரு. நீங்க எங்க? உங்க குரல்ல பாடிட்டு வாங்க, போடலாம்” என்றார் கடைக்காரர்.

வெளியே வந்து ஐந்தடி நடைபாதையில் பூக்கடை ஓரமாக நின்றோம். என் மைத்துனனுக்கு அப்போது முப்பத்தாறு வயது. மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், பகலில் துறைமுகக் கிடங்கில் வேலை. “என் குரல் எது அத்தான்?” என்று கேட்டான். கேலியாகக் கேட்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

அப்போது நாங்கள் இரண்டு குடும்பமும் ஆங் மோ கியோவில் ஒரே புளோக்குக்கு மாறியிருந்தோம். பன்னிரண்டாவது மாடிக்கு மேலே, தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற படிக்கட்டில் யாரும் வரமாட்டார்கள். செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்ததும் அங்கே போவோம். எல்லாருக்கும் தெரிந்த ஒரு மாதா பாட்டை அவன் கிடார் இல்லாமல் பாடுவான். வெட்டு விழும்போதெல்லாம் நான் விரலைத் தூக்குவேன். முதல் நாள் நான்கே வரியில் இருபத்து மூன்று.

“அவ்வளவா?”

“மூணை விட்டிருப்பேன்.”

அவனுக்கு அது கேட்கவே இல்லை, அதுதான் சங்கடம். நம் மூக்கு நம் கண்ணுக்குத் தெரியாத மாதிரி. விரலைப் பார்த்துப் பார்த்து மெதுவாகக் கண்டுபிடித்தான். வெட்டு வரப்போகிறது என்று தெரிந்ததும் நிறுத்திவிடுவான். நிறுத்தினால் அங்கே வேறு எதுவும் இருக்காது. வாய் திறந்திருக்கும், சத்தம் வராது. இத்தனை வருடம் பிடித்துக்கொண்டு நடந்த சுவரை எடுத்துவிட்டால் கை எங்கே போகும்? சில நாள் அரைமணி நேரத்தில் ஒரு வரிகூட முடிக்கமாட்டான். பதினோராம் மாடி மலாய்க்கார அம்மா ஒரு முறை மேலே ஏறிவந்து, யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும், அந்த இங்கிலீஷ் பாட்டையே பாடச் சொல்லுங்கள், அது எவ்வளவு நன்றாக இருக்கும் என்று மலாயில் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

எட்டு மாதத்தில் இருபத்து மூன்று நான்காயிற்று. சனிக்கிழமை மேடையேறினால் மறுபடியும் முப்பதுக்கு மேல். செவ்வாய்க்கிழமை குறைத்ததைச் சனிக்கிழமை ஏற்றிக்கொண்டு வருவான். வகுப்பில் இதைத் தொட்டிக் கணக்கு என்று சொல்லிக்கொடுப்போம்: ஒரு குழாய் நிரப்புகிறது, ஒரு குழாய் காலி செய்கிறது, தொட்டி எப்போது நிரம்பும்? என் பள்ளியிலும் அதே கணக்குத்தான் நடந்துகொண்டிருந்தது. எல்லாரும் ஆங்கிலப் பள்ளிகளுக்குப் போனதில், அந்த ஆண்டு என் வகுப்பில் ஒன்பதே பிள்ளைகள்.

ஈஸ்டருக்கு முந்தைய அந்தத் தபசு காலத்தில், கோயில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் பங்கில் பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதைக்குப் பாட்டு ஒருவர்தான் பாடுவார். இயேசு சிலுவை சுமந்த வழியில் நின்று ஜெபிக்கிற பதினான்கு ஸ்தலம், ஒரே மெட்டு, ஸ்தலத்துக்கு ஒரு சரணம். அவர் முதலில் ஒரு வரி பாடுவார், ஜனங்கள் திருப்பிப் பாடுவார்கள். வழக்கமாகப் பாடுகிறவருக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது.

“தம்பி பாடுவாரா சார்? அந்த ஆட்டமெல்லாம் இல்லாம?” என்று உபதேசியார் என்னிடம் கேட்டார். தம்பி பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தான்.

“ஆட்டம் இடுப்புல உபதேசியாரே. பாட்டு தொண்டையிலதானே?” என்றான் அவன்.

“அந்தத் தொண்டைதான் பயமா இருக்கு.”

என் மனைவி காப்பியை வைத்துவிட்டு, “வேண்டாம்டா” என்றாள். “நிருபம் வாசிச்சப்போ சிரிச்சாங்களே, மறந்துட்டியா? பெரிய வெள்ளியன்னிக்குச் சிரிச்சா எனக்கு அங்கேயே உசுரு போயிடும்.”

“இல்லக்கா. அன்னிக்கு எந்த வாத்தியமும் கிடையாது. ஆர்கன்கூட இல்ல. அதான் எனக்கு வேணும்” என்றான்.

அவன் சொன்னது எனக்குப் புரிந்தது. கிடார் கையில் இருந்தால், என் டிரம்ஸ் பின்னால் இருந்தால், அந்த அமெரிக்கர் வந்துவிடுவார். பெரிய வியாழன் இரவிலிருந்து கோயிலில் மணிகூட அடிக்கமாட்டார்கள். மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டுவார்கள். ஆணோ பெண்ணோ, எந்தக் குரலும் தனியாகத்தான் நிற்கவேண்டும். அங்கே ஒரு முறை முழுதாகத் தன் குரலில் பாடிவிட்டால், அதற்குப் பிறகு கடைக்காரரிடம் போகலாம் என்று நினைத்தான். அந்த ஆறு பாட்டையும் அந்த ஒரு பிற்பகலின் மேல் வைத்துவிட்டான்.

மரக்கட்டை தட்டுகிற வேலையை உபதேசியார் எனக்குக் கொடுத்தார். டிரம்ஸ்காரர் என்பதால் கொடுத்திருப்பார். பலகையில் கீல் வைத்துப் பூட்டிய சுத்தியல். ஸ்தலத்துக்கு மூன்று தட்டு. கீல் கழன்றுவிடும் என்ற பயத்தில் வீட்டிலிருந்து கம்பி கொண்டு போனேன்.

மூன்று மணிக்குத் தொடங்கியது. எல்லா மின்விசிறியும் ஓடியும் வெக்கை. பெஞ்சுகள் நிரம்பி, பக்கவாட்டில் நின்றார்கள். என் மனைவி தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அவன் வெள்ளைச் சட்டை போட்டு, முடியைத் தண்ணீர் வைத்துப் படிய வாரி, காதுக்குப் பின்னால் ஒதுக்கியிருந்தான். பங்குச் சாமியார் முதல் ஸ்தலத்தைச் சொன்னார். நான் மூன்று தட்டு தட்டினேன். அவன் பாடினான்.

வெட்டு இல்லை.

இரண்டாம் ஸ்தலம். இல்லை. மூன்றாம் ஸ்தலத்தில் ஒரு சொல் மேலே போகும். படிக்கட்டில் எப்போதும் விழுகிற இடம் அது. அதையும் தாண்டிவிட்டான். இவ்வளவு நாள் கேட்காத ஒரு குரலைக் கேட்டேன். அதை எப்படிச் சொல்வது? மெல்லியது. கொஞ்சம் மூக்கில் வந்தது. பதின்மூன்று வயதில் கீழே வைத்துவிட்டுப் போன இடத்திலேயே அது இருந்தது, வளரவே இல்லை. முப்பத்தேழு வயது மனிதனின் வாயிலிருந்து ஒரு பையன் தயங்கித் தயங்கிப் பாடினான். பிழை ஒன்றும் இல்லை. ஒருவர் முகத்தையும் பாட்டின் பக்கம் திருப்பவைக்கிற எதுவும் அதில் இல்லை, அவ்வளவுதான்.

நான்காம் ஸ்தலத்தில் பின்பெஞ்சுகளுக்கு எட்டவில்லை. ஜனங்கள் திருப்பிப் பாடவேண்டிய இடத்தில் முணுமுணுப்பு மட்டும் வந்தது. ஐந்தில் முன்வரிசைப் பெண்கள் அவன் முடிப்பதற்குள் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பாட்டு விழுந்துவிடக்கூடாதே என்று தாங்கிப் பிடிக்கிற வழக்கம் அது. ஆறில், முதல் பெஞ்சில் ஓர் அம்மா, கணீரென்ற குரல், அவனுடைய வரியையும் சேர்த்துப் பாடத் தொடங்கினார். பங்கு முழுவதும் அவரைப் பிடித்துக்கொண்டு நடந்தது. எட்டு, ஒன்பது, பத்து. அவனுடைய வாய் அசைவது தெரிந்தது. பக்கத்தில் நின்றதால் எனக்கு மட்டும் கேட்டது. ஒரு வெட்டு போட்டிருந்தால் போதும், கோயில் முழுவதும் திரும்பியிருக்கும். அவன் போடவில்லை. பன்னிரண்டாம் ஸ்தலத்தில் எல்லாரும் முழங்காலில் இருந்தார்கள். சாமியார் மௌன ஜெபத்துக்கு இடைவெளி விட்டார். மௌனத்துக்குப் பிறகு அவன்தான் முதலில் தொடங்கவேண்டும். தொடங்கினான். இரண்டு சொல் தனியாக வந்தது. பிறகு அந்த அம்மாவின் குரல் வந்து மூடிக்கொண்டது. பதினான்கு வரை அப்படியே போனது.

முடிந்து எல்லாரும் சிலுவையை முத்தமிட வரிசையில் நின்றார்கள். அவனும் நானும் முற்றத்துக்கு வந்தோம். உபதேசியார் பின்னாலேயே வந்தார்.

“தம்பிக்குக் காய்ச்சலா? தொண்டை கட்டிக்கிச்சோ? பரவால்ல, ஒப்பேத்திட்டோம்லா” என்று அவன் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அவன் தண்ணீர்க் குழாயில் முகம் கழுவினான். முடி மறுபடியும் நெற்றியில் விழுந்தது.

“எத்தனை அத்தான்?”

“ஒண்ணுகூட இல்ல.”

“நெஜமா?”

“பதினாலு சரணத்துலயும் ஒண்ணுகூட இல்ல மாப்ள.”

தலையை ஆட்டினான். குழாயை இறுக்கி மூடினான், அது சொட்டியது, மறுபடியும் மூடினான். “அப்ப அதுதான் நான்” என்றான்.

பழகினால் குரல் வளரும் என்று சொல்லலாம் என்று நினைத்தேன். முப்பத்தேழு வயதில் வளருமா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை நான் சொல்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர் பூசைக்குப் பிறகு பங்கு மண்டபத்தில் சாப்பாடு. பிரியாணிச் சட்டிகளுக்குப் பின்னால் இளைஞர் சங்கத்தாருடைய ஆம்பிளிஃபையரும் கிடாரும் டிரம்ஸும் இருந்தன. உபதேசியாரே மைக்கைப் பிடித்து, “இப்போ நம்ம தம்பி, சிங்கப்பூரின்...” என்று அந்த அமெரிக்கரின் பெயரைச் சொன்னார். பிள்ளைகள் கத்தினார்கள். என் மைத்துனன் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தான். என்னைப் பார்க்காமல் மேடை ஏறினான். நான் டிரம்ஸின் முன் போய் உட்கார்ந்தேன்.

எத்தனையோ சனிக்கிழமைகள் அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். அவன் அதைவிட நன்றாகப் பாடி நான் கேட்டதில்லை. முதல் வெட்டு விழுந்ததும் மண்டபம் எழுந்துவிட்டது. சாமியார் கைதட்டினார். வாலிபப் பெண்கள் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு ஆடினார்கள். பாட்டு முடிந்ததும், முதல் பெஞ்சு அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடையருகே வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் இருந்தது.

“இதுதாண்டா ஐயா உன் குரல்! வெள்ளிக்கெழமை யாரோ மாதிரி இருந்துச்சு. நான் ரொம்ப பயந்துட்டேன்.”

“ஆமாங்க ஆன்ட்டி, அன்னிக்கு உடம்பு சரியில்ல” என்றான் அவன்.

இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டு நான்கு பாட்டு பாடவைத்தார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நான் அவன் வீட்டுக் கதவைத் தட்டினேன். சின்னவளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். “மேல போகலாமா?” என்றேன்.

“எதுக்கு அத்தான்?”

“நாலு, மூணு ஆச்சு, அப்புறம் ஒண்ணுமில்லாமயே ஆச்சு. இப்ப விட்டா மறுபடியும் ஏறிடும்.”

“ஏறட்டும். நல்லா இல்லாததை எதுக்குப் பிராக்டிஸ் பண்ணணும்?” கோபம் இல்லை. சாதாரணமாகச் சொன்னான். பிறகு மகளிடம் திரும்பி, “ஏழெட்டு?” என்றான்.

அவள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். அவள் சொல்லும்வரை நின்றேன். ஐம்பத்தாறு என்று சரியாகவே சொன்னாள். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். கடைக்காரரிடம் அவன் போகவில்லை. எண்பதுகளின் நடுவில் கடைசிச் சுவரொட்டி கிழிகிறவரை சனிக்கிழமைகளில் பாடினான். அதில் இருந்த பெயரும் அவனுடையது இல்லை.